வடிக்கக் கூடாத கஞ்சி

எங்கள் வீட்டில் சோறு வடிப்பதற்கென்றே ஒரு டைல்ஸ் துண்டு இருந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். ஒரு ஓரம் உடைந்தது, நீல நிறத்தில் பாதிப் பூ. குவைத்தில் அப்பா டைல்ஸ் ஒட்டிய ஏதோ ஒரு வீட்டின் குளியலறையில் மிஞ்சியது. மீதிப் பூ அந்த வீட்டுச் சுவரில் இருக்கும். சோற்றுப் பானையை சிங்க் விளிம்பில் சாய்த்து வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். அடியில் இந்தத் துண்டைக் கொடுத்தால் அசையாமல் நிற்கும். அம்மா கண்டுபிடித்த வழி அது. மொத்தமாக ஊருக்குத் திரும்பியபோது அதையும் புடவைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். "ஃப்ளைட்ல கல்லு ஏத்திட்டு வந்த ஒரே பொம்பள நீதான்" என்று அப்பா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா இறந்து நான்கு மாதம் ஆகிறது. அவள் புடவைகளைப் பார்த்தால் எனக்கு அழுகை வரவில்லை. போட்டோவைப் பார்த்தாலும் வரவில்லை. இந்தத் துண்டைப் பார்த்தால் வருகிறது. அது ஏன் என்று சொல்ல, ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. குவைத்தில், ஃபர்வானியாவில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்தோம். ஒரு ஹால், ஒரு ரூம், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய ஒரு கிச்சன். மாமா, அதாவது அம்மாவின் ஒரே தம்பி, ஒரு லாண்டரியில் வேன் ஓட்டினார். வாரம் முழுக்க ரூமில் நான்கு பேரோடு குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு வெள்ளிக்கிழமை மட்டும் எங்கள் வீட்டுக்கு வருவார். தலைக்கு எண்ணெய் வைத்து, சோப்பு மணக்க வருவார். எனக்கு வெள்ளிக்கிழமை என்றாலே மாமாதான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. "என்னடா?" என்று அம்மா கேட்டதும் கொட்டிவிட்டார்.

ஒரு லேடீஸ் டெய்லர் கடையிலிருந்து, தைத்து முடித்த உடுப்புகளை இஸ்திரிக்கு எடுத்துப் போவது அவர் வேலை. அங்கே தைக்கிற ஒரு பெண்ணை அவருக்குப் பிடித்திருக்கிறதாம். அவளுக்கும் இவரைப் பிடித்திருக்கிறதாம். லாவோஸ் தேசத்துப் பெண்ணாம்.

லாவோஸ் எங்கே இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"தாய்லாந்துக்குப் பக்கத்துலக்கா. அங்க கடலே கெடையாது."

"கடல் இல்லாத ஊர்க்காரி எதுக்குடா கடல் தாண்டி வந்தா?" என்றாள் அம்மா.

"நாம எதுக்கு வந்தோம்?" என்றார் அப்பா. அம்மா பார்த்த பார்வையில் ரசத்தை ஊற்றிக்கொண்டு குனிந்துவிட்டார்.

ஊரில் தாத்தா மாமாவுக்கு ஏற்கெனவே ஒரு பெண் பார்த்து வைத்திருந்தார். மாமாவுக்குப் பதினைந்து நாளில் லீவ். போய் இறங்கினால் நிச்சயம், கையோடு கல்யாணம். தாத்தா யார் சொன்னாலும் கேட்கமாட்டார், அம்மா சொன்னால் மட்டும் கேட்பார். "நீ ஒரு வார்த்த சொல்லுக்கா, போதும்" என்றார் மாமா. ஆக அவர் வாழ்க்கை அம்மாவின் வாயில் இருந்தது. அந்த வாய் மூன்று நாள் திறக்கவே இல்லை. பாத்திரங்கள்தான் பேசின.

நான்காம் நாள் மாமாவுக்கு போன் செய்து சொன்னாள். "அவ கையால ஒரு வேள சாப்பிட்டுப் பாக்குறேன். அப்பறம் சொல்றேன். இங்க வந்து, என் அடுப்புல, என் கண்ணு முன்னாடி சமைக்கட்டும்."

அந்த ஊர்க்காரர்கள் பாம்பு, தவளை எல்லாம் சாப்பிடுவார்கள் என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் கண் முன்னாடி.

எனக்கு அந்தப் பெண்ணை முன்பே தெரியும். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒரு தடவை மாமா என்னை வேனில் ஏற்றிக்கொண்டு அந்தக் கடைக்குப் போயிருந்தார். என் ஸ்கூல் பாவாடையின் கீழ்மடிப்பு பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் முட்டி போட்டு உட்கார்ந்து, நான் நின்றபடியே இருக்க, சுற்றிலும் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தாள். பிறகு என் முழங்காலில் ஒரு தட்டு தட்டி எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு அவள் தையலக்கா. அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். இன்னொரு காரணமும் இருந்தது. ஊரில் கல்யாணம் ஆகிவிட்டால் தாத்தா மாமாவைத் திரும்ப அனுப்பமாட்டார் என்று அப்பா சொல்லியிருந்தார். மாமா இல்லாத வெள்ளிக்கிழமையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலேயே தையலக்கா வந்துவிட்டாள். கம்பளித் தொப்பி, இரண்டு கையிலும் பை. மாமா சொல்லிக் கொடுத்திருந்தபடி "வணக்கம் அக்கா" என்றாள். அம்மா "ம்" என்றாள். அந்த "ம்"மில் வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை.

பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒரு கோழி. எலுமிச்சை வாசனை அடிக்கிற ஒரு கட்டு நீளப் புல். இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு. பளபளப்பான சில இலைகள். இரண்டு மாவுப் பாக்கெட், ஒரு பாட்டில். அம்மா கிச்சன் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். கிழங்கை எடுத்து முகர்ந்தாள்.

"இது சித்தரத்தைல்ல? இருமலுக்குல்ல போடுவாங்க இத."

பாட்டிலைத் திறந்து முகர்ந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்னடா இது, மீன் அழுகுன தண்ணி மாதிரி?"

"நீ கருவாடு பொரிக்கையில எதுத்த ஃப்ளாட் அரபிக்காரம்மா கதவச் சாத்துறது தெரியுமா?" என்று ஹாலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"பேரு என்னடா இதுக்கு?"

"காவ் பியக் சென்" என்றார் மாமா. "காவ்னா சோறு. பியக்னா ஈரம். சென்னா இழை, நூலு மாதிரி."

"ஈரச் சோத்து நூலா?" அப்பா சிரித்தார். "டெய்லருக்கு ஏத்த சாப்பாடுதான்."

எங்கள் வீட்டில் பெரிய பாத்திரம் என்றால் சோற்றுப் பானை ஒன்றுதான். அதில்தான் கோழியைப் போட்டாள். புல்லை அம்மியில் வைத்தது போல் கத்தியின் பிடியால் நசுக்கி, முடிச்சுப் போட்டு உள்ளே விட்டாள். கிழங்கு, இலை, உரிக்காத பூண்டு, உப்பு. அது கொதிக்கிற நேரத்தில் மாவைப் பிசைந்தாள். அரிசி மாவு பாதி, மரவள்ளிக்கிழங்கு மாவு பாதி. அதில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டு, கரண்டிக் காம்பால் கிளறி, சூடு ஆறுவதற்குள் கையால் அழுத்தினாள்.

அம்மாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "அட, நம்ம இடியாப்ப மாவு" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தான் சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மேல் அலமாரியிலிருந்து இடியாப்ப அச்சை எடுத்து மேடையில் வைத்தாள். அம்மா தானாக ஒரு பொருளை நீட்டியது அதுதான் முதல் தடவை. தையலக்கா அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், குழாய்க்குள் கண் வைத்து என்னைப் பார்த்தாள், சிரித்தாள், வேண்டாம் என்று தலையாட்டினாள். சப்பாத்திக் கட்டையால் மாவைத் தேய்த்து, மேலே மாவு தூவி, கத்தியால் நீள நீளமாக நறுக்கினாள். அம்மா அச்சை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

கோழியை வெளியே எடுத்துச் சதையைப் பிய்த்து ஒரு தட்டில் குவித்தாள். எலும்பைத் தனியாக வைத்தாள். பிறகு மாவு ஒட்டியிருந்த இழைகளை அப்படியே, உதறாமல், அந்தக் கோழிச் சாற்றிலேயே போட்டாள். அந்தச் சாப்பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். இழையில் ஒட்டிய மாவு சாற்றில் கரைந்து, சாறு மெல்லக் கெட்டியாகி, கஞ்சிக்கும் ரசத்துக்கும் நடுவில் ஒரு பதத்துக்கு வரும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் வீட்டுச் சோற்றுப் பானை எங்கள் வீட்டு அடுப்பில் கொதிக்கிறது என்பதுதான்.

அப்போது அம்மா ஹாலிலிருந்து கூப்பிட்டாள். "டேய், அவள வரச் சொல்லு. ரெண்டு வார்த்த கேக்கணும்."

தையலக்கா தீயைக் குறைத்துவிட்டு, பானையைக் காட்டி, தனக்குத் தெரிந்த நான்கைந்து தமிழ் வார்த்தையில் ஒன்றை என்னிடம் சொன்னாள்.

"நீ பாரு."

ஹாலில் விசாரணை தொடங்கியது. "அப்பா அம்மா இருக்காங்களான்னு கேளு" என்றாள் அம்மா. மாமா இந்தியும் அரபியும் கலந்து கேட்டார். பதில் வந்தது. "பாம்பு சாப்பிடுவாங்களான்னு கேளு" என்றாள் அம்மா. இதை மாமா கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். ஏனென்றால் பதிலுக்கு அவள் சிரித்துக்கொண்டே "ஃபைவ் சிஸ்டர்" என்றாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை நுரை பொங்கி மூடியைத் தூக்கியது.

அந்த மாதம்தான் சோறு வடிக்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. வீட்டில் நான் பெரியவளாகிவிட்டதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. நுரை மூடியைத் தூக்கினால் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். நடுவில் கல் மாதிரி இல்லையென்றால் வடித்துவிட வேண்டும், தாமதித்தால் குழைந்துவிடும், குழைந்தால் அப்பா முகம் சுளிப்பார். நான் ஒரு இழையை எடுத்து நசுக்கினேன். கல் இல்லை. நல்ல பதம். பாவம், இவள் பேச்சில் மறந்துவிட்டாள், குழைந்து போனால் அம்மா வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். எனக்குப் பயமாகிவிட்டது.

அடுப்பை அணைத்தேன். ஸ்டூலில் ஏறினேன். பானை வாயில் ஓட்டைத் தட்டை வைத்து, இரண்டு பக்கமும் துணி கொடுத்துப் பிடித்து, சிங்க் விளிம்பில் சாய்த்தேன். அடியில் டைல்ஸ் துண்டை வைத்தேன். பானை அசையாமல் நின்றது. மஞ்சளாக, மேலே எண்ணெய்ப் பொட்டு மிதக்க, நல்ல வாசனையோடு எல்லாம் குழாயில் இறங்கிப் போயிற்று. இவர்கள் ஊர்க் கஞ்சிக்கு நிறமெல்லாம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். கடைசிச் சொட்டு வரை வடித்தேன். சோற்றை நான் அவ்வளவு சுத்தமாக வடித்ததே இல்லை.

தையலக்கா திரும்பி வந்தாள். பானையைப் பார்த்தாள். சிங்கைப் பார்த்தாள். தட்டைத் தூக்கி உள்ளே பார்த்தாள். உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு வெள்ளை உருண்டை இருந்தது, நடுவில் முடிச்சுப் போட்ட புல். அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தையல் மிஷினில் ஊசி உடைந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சின்ன சத்தம். கையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும்தான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. எது தப்பு என்று தெரியவில்லை, பெரிய தப்பு என்று தெரிந்தது. உதடு துடிக்க ஆரம்பித்தது. அவள் சட்டென்று குனிந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"போ பென் ஞாங்" என்றாள். "போ பென் ஞாங், போ பென் ஞாங்."

ஹாலில் இருந்த அம்மாவுக்கு அதில் ஒரு சொல்தான் காதில் விழுந்தது.

"யாரப் பாத்துடி போங்குற?" அம்மா புயல் மாதிரி வந்தாள். பின்னால் மாமா, அவருக்குப் பின்னால் அப்பா. "என் வீட்ல நின்னுக்கிட்டு எம்புள்ளயவே போ, போன்னு வெரட்டுறியா?"

"அக்கா, அக்கா, இரு" என்று மாமா நடுவில் வந்தார். "போன்னா அவங்க பாஷையில இல்லன்னு அர்த்தம். மாஃபி. போ பென் ஞாங்னா மாஃபி முஷ்கில். ஒண்ணுமில்ல, பரவால்லன்னு அர்த்தம்க்கா. மொத மொத எங்கிட்ட சொன்னப்ப நானே போயிட்டேன். ஒரு வாரம் அந்தக் கட பக்கமே தல வெக்கல."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் குரல் இறங்கியது. "பரவால்லன்னு எதுக்குச் சொல்றா? என்ன ஆச்சு?" அப்போதுதான் பானையைப் பார்த்தாள். "சாறு எங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

"யாரு கொட்டுனா?"

மாமா இந்தியில் கேட்பதற்குள் தையலக்காவுக்குப் புரிந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"அனா" என்றாள். நான் என்பதற்கு அரபி. "அனா கராப்." நான் கெடுத்துவிட்டேன் என்று அர்த்தம்.

மாமாவின் முகம் சாம்பலாகிவிட்டது. மூன்று நாளாக அந்த ஒரு பானைச் சாற்றை நம்பி இருந்தவர் அவர். நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அவள் பின்னால் நகர்ந்து, அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா பானையைத் தூக்கினாள். அடியிலிருந்த டைல்ஸ் துண்டை எடுத்தாள். தையலக்காவிடம் காட்டினாள்.

"இத நீயா வெச்ச? எதுக்குன்னு கேளுடா."

மாமா கேட்டார். தையலக்கா துண்டை ஒரு நிமிஷம் பார்த்தாள். அதை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறாள். பிறகு விரலால் அதன் மேல் டக் டக் என்று நறுக்கிக் காட்டி, "பூண்டு" என்றாள். அந்தச் சொல்லும் அன்று காலையில்தான் மாமாவிடம் கற்றுக்கொண்டது.

அம்மா துண்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தாள். "சரி" என்றாள். துண்டைச் சுவர் ஓரமாக வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"அந்த எலும்ப இங்க எடு."

அடுத்த ஒரு மணி நேரம் அந்த கிச்சனில் இரண்டு பேர் நின்றார்கள், நான் வெளியே நின்றேன். எலும்பு மறுபடி பானைக்குள் போயிற்று. ஒட்டிக்கொண்டிருந்த புல்லையும் கிழங்கையும் உருண்டைக்குள்ளிருந்து அம்மா பொறுக்கி எடுத்து அலசிப் போட்டாள். இரண்டாம் தண்ணீர் வெளுத்துப் போய் இருந்தது. தையலக்கா மீதி மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றினாள். அம்மா உரலில் மிளகும் சீரகமும் தட்டி, அவள் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குச் சீரகம் என்னவென்றே தெரியாது, ஆனாலும் தலையாட்டினாள். அம்மா போட்டாள். ஒட்டிய இழைகளைத் தையலக்கா சூட்டோடு சூடாக விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சிக்கெடுப்பது அவளுக்குத் தொழில். அம்மா ஒரு பக்கம் உட்கார்ந்து தானும் பிரித்தாள். ஒரு இடத்தில் சூடு பொறுக்காமல் இருவரும் ஒரே நேரத்தில் காது மடலைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா முதலில் சிரித்தாளா, அவளா, தெரியவில்லை.

பூண்டைப் பொன்னிறமாகப் பொரித்து, மிளகாயை எண்ணெயில் வாட்டி, மல்லித்தழையும் வெங்காயத்தாளும் தூவி, எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள். ஸ்பூன் கொடுத்தும் அப்பா கையால்தான் சாப்பிட்டார். இழை வழுக்கி வழுக்கி விழுந்தது. "புடிச்சா நிக்க மாட்டேங்குதே, மச்சான் மாதிரி" என்றார். மாமா ஒரு வாய்கூட உள்ளே இறக்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா நிதானமாக ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தாள். நல்லா இருக்கிறது என்று சொல்லவில்லை. இன்னொரு கிண்ணம் கேட்டாள்.

கிளம்பும்போது அம்மா லிஃப்ட் வரைக்கும் போய் வழியனுப்பினாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். தையலக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏதோ கேட்டாள். அவள் இல்லை இல்லை என்று தலையாட்டினாள்.

திரும்பி வந்ததும் போன் கார்டு நம்பரைச் சுரண்டி தாத்தாவுக்கு போன் போட்டாள். நான் பாயில் படுத்து ஹோம்வொர்க் எழுதுவது போல நடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, நான்தான். பாத்தேம்ப்பா. ம்... சமையலா? அது கெடக்கு, உப்பும் இல்ல ஒரப்பும் இல்ல. இல்லப்பா, நீங்க கேளுங்க. நல்லா பொய் சொல்றா. மூணு தடவ கேட்டேன், மூணு தடவையும் அசராம பொய் சொன்னா. ஆமாப்பா, அதனாலதான் சொல்றேன். அந்த எடத்த வேணாம்னுடுங்க. தம்பிக்கு இவதான்."

எங்கள் வீட்டில் பொய் சொன்னால் உதட்டில் மிளகாய் தேய்ப்பாள் அம்மா. எனக்கு இரண்டு தடவை தேய்த்திருக்கிறாள். அப்படிப்பட்டவள் ஒரு பொய்க்காரியைத் தம்பிக்குக் கட்டி வைக்கிறாள் என்றால், பெரியவர்கள் உலகத்தில் ஏதோ வேறு சட்டம் இருக்கிறது என்று நினைத்தேன். அப்படி என்ன பொய் சொல்லியிருப்பாள் என்று ரொம்ப நேரம் யோசித்தேன். பாம்பு விஷயமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். ஐந்து தங்கைகள் என்பதும் பொய்யாக இருக்கலாம். எப்படியோ மாமா திரும்பி வருவார். என்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு அது போதும்.

தையலக்கா அத்தையானாள். மாமாவும் அத்தையும் இப்போது மன்னார்குடியில் தையல் கடை வைத்திருக்கிறார்கள். எங்கள் வீடும் அதே தெருவில்தான். ஊருக்கு வந்த பிறகு எனக்கு இங்கே ஸ்கூல் ஒட்டவில்லை, எட்டாவதோடு நின்றுவிட்டேன். அத்தை கடையில் ஹூக் கட்ட உட்கார்ந்தவள், இன்று ஜாக்கெட் வெட்டுகிறேன். அத்தை தமிழ் பேசுவாள், ஆனால் எங்கள் ஊர்க் கோபத்தோடு பேச மட்டும் அவளுக்கு வராது.

அம்மாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அத்தை எங்கள் வீட்டு கிச்சனில் காவ் பியக் சென் வைத்தாள். அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கிண்ணத்தை வாங்கியதும் சீரக வாசனை வந்தது. அவர்கள் ஊரில் அதில் சீரகம் போடமாட்டார்கள். அத்தை அன்றிலிருந்து இன்றுவரை சீரகம் இல்லாமல் வைத்ததில்லை. அந்த வாசனையில் நான் உடைந்து போய், இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அம்மாவிடம் சொல்லாமலே விட்டுவிட்டேனே என்று அழுதேன்.

அத்தை என் எதிரில் உட்கார்ந்தாள். "ஒங்கம்மா மூணு தடவ கேட்டாங்க" என்றாள். "மொத தடவ எல்லார் முன்னாடி. ரெண்டாவது கல்லு காட்டி. மூணாவது லிஃப்ட் கிட்ட, எங்கையப் புடிச்சி, மெதுவா, பிந்த் கராப்? அப்படின்னு. பிந்த்னா பொண்ணு. ஒன்னச் சொல்றாங்க. நான் லா, லா, இல்ல, அனா கராப்னேன். அக்கா சிரிச்சாங்க."

"கல்யாணம் நின்னு போயிருந்தா என்ன அத்த பண்ணிருப்பீங்க?"

அவள் என் கிண்ணத்தில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். "போ பென் ஞாங்" என்றாள். "சாப்புடு. ஊறிடும்."

நான் சாப்பிட்டேன். பதினேழு நாளில் முதல் தடவையாக, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். பிறகு கிண்ணம் கழுவ எழுந்து போனபோது சிங்க் பக்கத்தில் அந்த நீலத் துண்டு இருந்தது. அதைப் பார்த்ததும் அந்த வெள்ளிக்கிழமையின் கடைசிக் காட்சி நினைவுக்கு வந்தது.

தாத்தாவிடம் பேசி முடித்து அம்மா கிச்சனுக்குப் போனாள். பாத்திரம் எல்லாம் கழுவி முடித்தாள். சுவர் ஓரம் இருந்த டைல்ஸ் துண்டை எடுத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, தலைப்பால் துடைத்தாள். "இங்க வாடி" என்று கூப்பிட்டாள். நான் போனேன். துண்டை என் கையில் வைத்தாள்.

"எடுத்த எடத்துல வையி" என்றாள்.

சரிம்மா என்று வாங்கி, பூ மேலே தெரியும்படி அதன் இடத்தில் வைத்துவிட்டு, தப்பித்த சந்தோஷத்தில் விளையாட ஓடிவிட்டேன்.

எடுத்தவளிடம்தான் அப்படிச் சொல்வார்கள்.